மலரில் வராத பத்தி

எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கின் நூற்றாண்டு மலருக்கு நான் எழுதிக் கொடுத்த கட்டுரை, அச்சாகி வந்தபோது அரைப் பக்கம் குறைந்திருந்தது. போனது ஒரே ஒரு பத்தி. கல்லறைத் தோட்டத்தைச் சாதிவாரியாகப் பிரித்து நடுவே ஓடும் சுவரைப் பற்றிய பத்தி அது. மலர்க்குழுவுக்குப் பொறுப்பாக இருந்த பெரியவர் எனக்கு ஐந்தாம் வகுப்பில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். கையெழுத்துப் பிரதியில் அந்தப் பத்தியின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, "நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா ஆண்டவர் வர்ற நேரத்துல இது வேண்டாம்ப்பா" என்றார். எங்கள் பக்கத்தில் ஆண்டவர் என்றால் ஆயரை, அதாவது பிஷப்பைக் குறிக்கும் என்பதைக் கத்தோலிக்கர் அல்லாத நண்பர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வாக்கியத்துக்கு வேறொரு பொருள் வந்துவிடும். அந்தப் பொருளிலும் அது பொருத்தமான வாக்கியம்தான் என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது.

கோபம் ஆறட்டும் என்று சில மாதங்கள் காத்திருந்து இதை எழுதுகிறேன். அதற்குள் இரண்டு தரப்பிலிருந்தும் கேள்விகள் வந்தன. கோயிலில் பார்ப்பவர்கள், மாதாவைப் பற்றி ஒரு பாட்டோ தவக்காலத்துக்கு ஒரு தியானக் கட்டுரையோ எழுதாமல் இதை ஏன் கிளறுகிறாய் என்றார்கள். இலக்கியக் கூட்டங்களில் பார்ப்பவர்கள், இவ்வளவும் தெரிந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஏன் போகிறாய் என்றார்கள். இரு தரப்பாருக்கும் செபிக்கிற கை வேறு, எழுதுகிற கை வேறு. எனக்கோ சிலுவை அடையாளம் போடுவதற்கும் பேனா பிடிப்பதற்கும் ஒரே வலது கைதான் இருக்கிறது.

விவிலியத்தில் எழுத்துத் தொழிலை மிக அருகில் வைத்துக் காட்டும் இடம் எரேமியா நூலின் 36ஆம் அதிகாரம் என்பது என் எண்ணம். இறைவாக்கினர் எரேமியா சொல்லச் சொல்ல, பாரூக்கு என்ற எழுத்தர் ஏட்டுச்சுருளில் மையால் எழுதுகிறார். எரேமியாவுக்குக் கோவிலுக்குள் போகத் தடை இருப்பதால், நோன்பு நாளொன்றில் பாரூக்கே போய் மக்கள் முன் அதை வாசிக்கிறார். பிறகு சுருள் யூதா நாட்டு அரசன் யோயாக்கிமிடம் போகிறது. அது ஒன்பதாம் மாதம். குளிர்கால மாளிகையில் அரசன் எதிரே கணப்பு எரிந்துகொண்டிருக்கிறது. மூன்று நான்கு பத்திகள் வாசித்து முடித்ததும் அரசன் அந்தப் பகுதியை அறுத்து நெருப்பில் போடுகிறான். அடுத்த பத்திகள், மறுபடியும் கத்தி, மறுபடியும் நெருப்பு. கையில் இருந்தது வாள் அல்ல, எழுத்தர் வைத்திருக்கும் சிறுகத்தி. எழுதுகோலைச் சீவ வைத்திருந்த கருவியாலேயே எழுதியதை அறுத்தான்; நம் முறையில் சொன்னால், எழுத்தாணியாலேயே ஓலையைக் கிழித்தான்.

இதே யோயாக்கிமைப் பற்றி 22ஆம் அதிகாரத்தில் எரேமியா சொல்லியிருப்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வேலை செய்தவர்களுக்குக் கூலி கொடுக்காமல் மாளிகை கட்டுகிறவன் என்கிறார். அவன் தந்தை ஏழை எளியவர்களின் வழக்கில் நீதி வழங்கினார் என்று சொல்லி, என்னை அறிவது என்றால் அதுதானே என்று ஆண்டவரே கேட்பதாக எழுதுகிறார். கடவுளை அறிவதும் கூலிக்காரனுக்குக் கூலி கிடைப்பதும் அங்கே இரண்டு அதிகாரங்களாகப் பிரிக்கப்படவில்லை, ஒரே வாக்கியத்துக்குள் இருக்கின்றன. சமூகநீதியை வெளியிலிருந்து யாரோ கொண்டுவந்து திருச்சபைக்குள் நுழைத்துவிட்டார்கள் என்று பேசுகிறவர்கள் இந்த வாக்கியத்தை எங்கே வைப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

என்னை எரேமியாவாக நினைத்துக்கொள்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அவரைச் சேறு நிறைந்த கிணற்றில் இறக்கினார்கள். எனக்கு மலரின் இரண்டு பிரதிகளும் ஒரு பொன்னாடையும் கொடுத்தார்கள்.

விசுவாசமும் எழுத்தும் சேர்ந்துவிட்டால் நீதி தானாகப் பிறந்துவிடும் என்று நம்பவும் நம் வரலாறு இடம் தரவில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை எடுத்துக்கொள்ளலாம். 1774இல் பிறந்தவர், ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் சரபோஜி மன்னரோடு சேர்ந்து படித்தவர், குறவஞ்சியையும் கீர்த்தனையையும் கிறிஸ்தவத்துக்குள் கொண்டுவந்த பெருங்கவிஞர். என் மனைவி சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்தவள், அவர்கள் வீட்டு இரவு செபத்தில் பாட்டு என்றாலே அவர் பாட்டுதான். ஆனால் 1820களில் இளம் மிஷனரிகள், ஆலயத்தில் சாதிவாரியாக உட்காருவதையும் நற்கருணையில் வேற்றுமை பாராட்டுவதையும் ஒழிக்க முற்பட்டபோது, அதை எதிர்த்து எழுதியவர்களில் முதன்மையானவர் அவரே. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையை உடனே, முற்றாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். சாஸ்திரியாரின் பாடல்களை நான் இனியும் பாடுவேன். அந்த எதிர்ப்பைச் சொல்லாமல் அவர் வரலாற்றை மட்டும் இனி எழுத மாட்டேன்.

எங்கள் கத்தோலிக்கப் பக்கம் இதைவிட யோக்கியம் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோயிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது இரண்டு கால்களாகப் பிரிகிற கட்டடம். கால்கள் சேருமிடத்தில் பீடம் இருக்கும். ஒரு காலில் வெள்ளாளர், மறு காலில் நாடார் உள்ளிட்ட மற்றவர்கள். பீடத்தில் நிற்கும் குருவானவருக்கு இரு கூட்டமும் தெரியும், ஒரு கூட்டத்துக்கு மறு கூட்டம் தெரியாது. கட்டடக் கலையில் இத்தனை அறிவைச் செலவழித்துச் சாதியைக் காப்பாற்றியிருக்கிறார்கள். 1910இல் கௌசானல் அடிகள் பிரிவினைச் சுவரை இடித்தார். இடித்ததை எதிர்த்து வழக்குப் போட்டார்கள், சென்னை உயர் நீதிமன்றம்வரை போனார்கள், தோற்றார்கள். அதே வடக்கன்குளத்தில்தான் 1745இல் நீலகண்டன் என்ற திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 2022 மே 15 அன்று உரோமையில் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்ற சொல் இல்லை. சாதிப்பெயரைப் புனிதரின் பெயரில் வைக்கக் கூடாது என்று எழுதி முறையிட்ட பிறகே அது நீங்கியது. ஒரே ஒரு சொல்தானே என்று சொல்கிறவர்கள், அதை எடுக்க வேண்டாம் என்று வாதாடியவர்களைக் கேட்டுப் பார்க்கட்டும்.

அந்த அரைப் பக்கத்துக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்பதற்கு என்னிடம் உள்ள விடை சூசை என்பவரின் வழக்கு. ஆதிதிராவிடர், கிறிஸ்தவர், சென்னையில் சாலையோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை வழங்கியபோது, அதே தொழில் செய்த இந்து ஆதிதிராவிடர்களுக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்களும் இசுலாமியரும் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. சூசை உச்ச நீதிமன்றம்வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு சாதி இழிவு தொடர்கிறது என்பதைக் காட்டப் போதிய சான்று வைக்கப்படவில்லை என்று சொல்லி, 1985இல் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது.

சான்று இல்லை என்ற அந்த இடத்தில்தான் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது. சான்று எங்கள் கல்லறைத் தோட்டங்களில் செங்கல்லும் சுண்ணாம்புமாக நின்றுகொண்டிருந்தது. தேர் எந்தத் தெருவுக்குள் போகும், எந்தத் தெருமுனையில் திரும்பிவிடும் என்று ஒவ்வொரு திருவிழாவிலும் தெரிந்தது. அதையெல்லாம் அறிந்து, எழுதவும் படித்திருந்த நாங்கள், மலர்களில் கோபுரத்தின் உயரத்தையும் மணியின் எடையையும் எழுதிவைத்தோம். உள்ளே சாதியை வைத்துக்கொண்டே வெளியே சாதியில்லாத சமயம் என்று பெயர் வாங்கினோம். அந்தப் பெயருக்கான விலையைச் சூசை தம் பெட்டிக்கடையால் கொடுத்தார்.

ஆகவே 'சமத்துவம்', 'மானுடம்' போன்ற சொற்களில் எனக்கு இப்போது நம்பிக்கை குறைந்துவிட்டது. மலர்க்குழு என் கட்டுரையில் 'அனைவரும் இறைவனின் பிள்ளைகள்' என்று வருகிற இரண்டு இடங்களையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறது. வெட்டுப்பட்டது சுவரின் உயரம்தான்.

எங்கள் ஊரில் அந்தச் சுவரைச் சுவர் என்று சொல்ல மாட்டார்கள். கல்லறைத் திருநாளன்று சாமியார் இந்தப் பக்கத்துக் கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்து முடித்து, வாளியைத் தூக்கிக்கொண்டு கோயில் பணியாளரான கோயில்பிள்ளை பின்னால் வர, தெருவில் இறங்கி நடந்து அடுத்த வாசலுக்குப் போவதைச் சிறுவயதில் பார்த்து, ஏன் என்று அப்பாவிடம் கேட்டேன். "அது காம்பவுண்டு" என்றார். தாத்தாவின் கல்லறைமேல் உருகி வழிந்த மெழுகை நகத்தால் சுரண்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார். காம்பவுண்டு என்றால் இடத்தைச் சுற்றி இருக்க வேண்டுமே, நடுவில் எப்படி வரும் என்று கேட்கும் அளவுக்கு எனக்கு அப்போது தமிழும் தெரியவில்லை, ஆங்கிலமும் தெரியவில்லை.

இப்போது ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். சிவப்பு மை படுவதற்கு முன்பே அந்தப் பத்தியில் ஒரு வெட்டு விழுந்திருந்தது. கட்டுரைக்காகப் பங்கின் பழைய கணக்கு நோட்டுகளைப் பார்த்தபோது ஒரு பக்கம் கண்ணில் பட்டது. அதை நான் எழுதவில்லை. இடம் போதவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பெரியவரைக் குறைசொல்லிக் கொண்டிருந்த மாதங்களில் அந்தப் பக்கம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. யோயாக்கிம் எரித்த பிறகு எரேமியா வேறொரு சுருளை எடுத்துக் கொடுத்ததாகவும், பாரூக்கு பழையதையெல்லாம் திரும்ப எழுதியதோடு அவற்றைப் போன்ற வேறு பல சொற்களையும் சேர்த்ததாகவும் அந்த அதிகாரம் முடிகிறது. மலரில் வராத பத்தியைக் கீழே தருகிறேன். கடைசி நான்கு வாக்கியங்கள் புதிதாகச் சேர்த்தவை.

"நம் கல்லறைத் தோட்டம் ஒரே பட்டாவில் உள்ள நிலம். அதன் நடுவே கிழக்கு மேற்காக ஒரு சுவர் இருக்கிறது. உயரம் நாலரை அடி, நீளம் 86 அடி. வடக்கே நம் குடும்பங்களும் தெற்கே தலித் குடும்பங்களும் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றன. இரு பக்கத்தாரும் ஒரே தொட்டியில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். சுவரில் வழி கிடையாது. நவம்பர் 2 அன்று மந்திரிக்க வரும் குருவானவர் தெருவைச் சுற்றித்தான் தெற்கு வாசலுக்குப் போக வேண்டும். சுவர் 1958இல் கட்டப்பட்டது. செலவு 640 ரூபாய் என்று கணக்கு நோட்டில் எழுதியிருக்கிறது. நன்கொடை கொடுத்தவர்கள் 14 பேர். மூன்றாவது பெயர் என் தாத்தாவுடையது, தொகை 25 ரூபாய்."