முகத்தைவிடக் குதிகாலுக்குத்தான் பாடு

தோல் வறட்சி பற்றிய உங்கள் கட்டுரையில், குளிர்காலத்தில் வெந்நீர்ச் சூட்டைக் குறைக்கவும், குளித்ததும் மாய்ஸ்சரைசர் தடவவும் சொல்லியிருக்கிறீர்கள். நல்ல யோசனை. துண்டால் ஒற்றியெடுத்த கையோடு, ஈரம் காய்வதற்குள் தடவ வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கலாம். தேங்காய் எண்ணெயோ வாசலினோ தோலுக்கு ஈரம் தருவதில்லை. இருக்கிற ஈரத்தைப் போகவிடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான்.

ஆனால் கட்டுரை முழுக்க முகமும் கையும்தான். எங்கள் மன்னார்குடிப் பக்கம் தை மாதம் சம்பா அறுப்பு. ஐப்பசி, கார்த்திகையில் சேற்றில் ஊறிய கால், வயல் காய்ந்ததும் வறண்டு, பித்தவெடிப்பு ஆழமாக விழுகிறது. நடக்கவே முடியாமல் அறுப்புக்குப் போகிற பெண்களைப் பார்க்கிறேன். இவர்களுக்கு விலை உயர்ந்த வாசனை கிரீம் எதுவும் வேண்டாம். ராத்திரி காலைக் கழுவித் துடைத்து, சாதாரண வாசலினைக் குதிகாலில் கனமாகத் தடவி, பழைய பருத்தி சாக்ஸ் போட்டுப் படுக்கலாம். தோல் தடித்துப் போயிருந்தால் மருந்துக்கடையில் யூரியா கலந்த கிரீம் கிடைக்கும் (வயலுக்குப் போடுகிற யூரியா அல்ல). ரத்தம் கசிகிற வெடிப்பில் அதைப் போடக் கூடாது, எரியும்.

சர்க்கரை உள்ள பெரியவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. உணர்ச்சி குறைந்த காலில் வெடிப்பு சீழ் வைத்தாலும் தெரியாது. பிளேடால் சுரண்டவே வேண்டாம். பிள்ளைகள் தினமும் அப்பா, அம்மா பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். விரலிடுக்கில் மட்டும் எதையும் தடவாதீர்கள், ஈரம் தங்கிப் புண்ணாகிவிடும்.