உங்க ரேட்டிங் என்ன சார்?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தின் அந்தக் குட்டி வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே பலர் அனுப்பிவிட்டார்கள், கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகளோடு. அதனால் முதலிலிருந்து கதை சொல்லப் போவதில்லை. விஸ்வநாதன் ஆனந்த் பற்றி ரசிகர்கள் நினைவுகளைப் பகிர்ந்துகொள்ளும் மாலை என்று சொல்லித்தான் எங்களை வரச் சொன்னார்கள். ரசிகர்கள். பயிற்சியாளர்கள் என்று போடவில்லை, டைட்டில் வாங்கியவர்கள் மட்டும் என்று போடவில்லை. வீடியோவில் வரும் அந்தப் பெரியவர் பேச ஆரம்பித்து ரெண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. "ஒரு நிமிஷம் சார், உங்க ரேட்டிங் என்ன?" என்று மைக்கில் ஒரு கேள்வி. செஸ்ஸில் ரேட்டிங் என்றால் போட்டிகளில் ஆடிய ஆட்டத்தை வைத்து ஒருவரின் பலத்துக்குத் தரும் எண். ஹால் முழுக்கச் சிரிப்பு. "ரேட்டிங்லாம் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு அவர் போய் உட்கார்ந்துவிட்டார்.

இதற்கெல்லாம் ஒரு பதிவா என்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு அடுத்த ரீலுக்குப் போகலாம்.

நினைவு சொல்ல ரேட்டிங் தேவையில்லை. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தவரிடம் போய்ப் பத்திரிகை எங்கே என்று கேட்பதைப் போன்ற வேலை அது. கேட்டவருக்கு அது புரியவில்லை, சரி. சிரித்த அத்தனை பேருக்குமா புரியவில்லை?

பெரியவர் என்ன சொல்ல வந்தார் என்பதையாவது கவனித்தீர்களா? டால் செஸ் கிளப்பில் வரிசையில் நின்ற கதையைச் சொல்ல வந்தார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவேல் ஆரோன் 1972-இல் ஆரம்பித்த கிளப் அது. ஆழ்வார்ப்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையில் இன்று ரஷ்ய மாளிகை என்று இருக்கிறதே, அன்றைய சோவியத் கலாச்சார மையம், அங்கேதான் நடந்தது. அங்கே பிளிட்ஸ் என்ற வேக ஆட்டம் ஆடும்போது ஒரு வழக்கம். ஜெயித்தவர் உட்கார்ந்தே இருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். தன் வேகம் அங்கிருந்துதான் வந்தது என்று ஆனந்தே பலமுறை சொல்லியிருக்கிறார். எழுந்திருக்க வேண்டாம் என்றால் ஜெயித்தாக வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த ஆட்டங்கள் எந்த டேட்டாபேஸில் இருக்கின்றன? எதிலும் இல்லை. ஐந்து நிமிட ஆட்டத்தில் யார் உட்கார்ந்து நகர்த்தல்களை எழுதிக்கொண்டிருப்பார்கள்? 1983-இல் தேசிய சப் ஜூனியரில் ஒன்பதுக்கு ஒன்பது எடுத்தது பதிவாகியிருக்கிறது. 1987-இல் பிலிப்பைன்ஸின் பாகியோவில் உலக ஜூனியர் பட்டம், 1988-இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர், எல்லாம் பதிவு. ஆனால் அந்தப் பையனை உருவாக்கிய அந்த மேசைக்கு ஒரே சாட்சி, எதிரே உட்கார்ந்து தோற்று எழுந்து போனவர்கள்தான். தோற்றவர்களிடம் போய் ரேட்டிங் கேட்டால் என்ன வரும்? "இல்லப்பா" என்றுதான் வரும். அவர்களை உட்கார வைத்துவிட்டால் அப்புறம் அந்தக் கதையை யார் சொல்வது, நீங்களா? நீங்கள் பிறந்திருக்கவே மாட்டீர்கள்.

இன்னொன்று. எண்பதுகளில் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங் பட்டியல் ஆண்களுக்கு 2200-இல்தான் ஆரம்பிக்கும். அதற்குக் கீழே ஆடியவர்கள் உலகக் கணக்கிலேயே கிடையாது. இன்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம்கூட ஒரு எண் இருக்கிறது. அன்று வேலை முடித்து, பஸ் பிடித்து, கிளப்புக்கு வந்து நின்றவரிடம் எப்படி இருக்கும்? கேள்வி கேட்ட தம்பி செஸ் சொல்லிக் கொடுப்பவராம். இந்த வரலாறும் கொஞ்சம் தெரிந்திருக்கலாம்.

"அந்தத் தம்பி நல்ல எண்ணத்தில்தான் கேட்டார், அறிமுகப்படுத்தத்தான் கேட்டார்" என்று நேற்று ஒரு நண்பர் இன்பாக்ஸில் வந்தார். இருக்கலாம். கார்ப்பரேஷன் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் காசு வாங்காமல் வகுப்பு எடுக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும், அதற்கு மரியாதை உண்டு. ஆனால் அறிமுகப்படுத்த நினைப்பவர் பேச்சின் நடுவிலா வெட்டுவார்? அந்த வீடியோவை அவருடைய இணையப் பக்கத்திலேயே "ரேட்டிங் இல்லாத லெஜண்ட்" என்று தலைப்புப் போட்டுப் பகிர்ந்ததும் அறிமுகம்தானா?

"நேரம் ஆகிவிட்டது, பத்துப் பேர் பேச வேண்டியிருந்தது." ஆமாம், பொன்னாடை போர்த்துவதற்கு மட்டும் நேரம் இருந்தது.

"இப்படி ஆளாளுக்குக் கதை விட்டால் பொய்யும் புளுகும்தானே சேரும்?" இதற்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். சேரும்தான். ஆனந்தோடு ஆடி டிரா செய்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் மாம்பலத்தில் மட்டுமே ஒரு பஸ் நிறையத் தேறுவார்கள். ஆனால் அந்தக் கிளப் யார் பெயரில் இருந்ததோ அந்த முன்னாள் உலகச் சாம்பியன் மிகைல் டால் சொன்ன ஒரு கதையைக் கேளுங்கள். சோவியத் கிராண்ட்மாஸ்டர் வாசியூகோவோடு ஒரு ஆட்டம். குதிரையைப் பலி கொடுக்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவருக்கு நடுவில் ஒரு குழந்தைப் பாட்டு ஞாபகம் வந்துவிட்டது, சேற்றில் மாட்டிய நீர்யானையை இழுப்பது பற்றி. ஜாக்கி வைத்துத் தூக்கலாமா, ஹெலிகாப்டர் கொண்டுவரலாமா, கயிற்று ஏணி போடலாமா என்று மனதுக்குள்ளேயே ஒரு பொதுப்பணித் துறை வேலை. கடைசியில், சரி, மூழ்கட்டும் என்று விட்டுவிட்டார். நீர்யானை போனதும் பலகை எளிதாகத் தெரிந்ததாம், குதிரையைக் கொடுத்துவிட்டார். மறுநாள் பத்திரிகையில் என்ன வந்தது தெரியுமா? நாற்பது நிமிடம் கவனமாகக் கணக்கிட்டு டால் துல்லியமாகப் பலி கொடுத்தார் என்று. அச்சில் ஏறியது கணக்கு. நடந்தது நீர்யானை. அவராகவே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்காவிட்டால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

ஆனந்தின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வயதில் அவருக்குச் செஸ் சொல்லிக் கொடுத்தவர் அம்மா சுசீலா. எழுபதுகளின் கடைசியில் அப்பாவின் வேலைக்காகக் குடும்பம் மணிலாவில் இருந்தபோது, மத்தியானம் தொலைக்காட்சியில் ஒரு செஸ் நிகழ்ச்சி வரும். பையன் பள்ளியில் இருப்பான். அம்மா உட்கார்ந்து ஆட்டங்களையும் புதிர்களையும் எழுதி வைப்பார், சாயங்காலம் இருவருமாக விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். அடிக்கடி ஜெயித்து, கடைசியில் வேண்டிய புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொள், இனி விடை மட்டும் அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம். இந்தக் கதை இல்லாமல் ஆனந்தைப் பற்றி ஒரு மேடையிலும் பேச்சு நடப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமையும் இதைச் சொல்லித்தான் கைதட்டல் வாங்கினார்கள். அந்த அம்மா அன்று வந்து மைக் பிடித்திருந்தால் "ஒரு நிமிஷம்மா, உங்க ரேட்டிங் என்ன?" என்று கேட்டிருப்பீர்களா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். என் அப்பாவுக்கும் ரேட்டிங் இல்லை.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஆபரேட்டர். மதிய சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டுக்குப் பின்னால் ஆடுவார், பெரும்பாலும் தோற்பார் என்று அவர் நண்பர்களே சொல்வார்கள். ஆனால் ஆனந்த் பற்றி எந்தப் பேப்பரில் எந்தத் துண்டு வந்தாலும் வெட்டி, பழைய கணக்கு நோட்டில் சோற்றுப் பசை தடவி ஒட்டிவிடுவார். சோற்றுப் பசையால் கரப்பான் வந்ததும், அம்மா நோட்டைத் தூக்கி வெளியே போட்டதும், அப்பா ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்ததும் தனிக் கதை. 2010-இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோய், ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து சோஃபியாவுக்கு நாற்பது மணி நேரம் சாலை வழியாகவே போய் உலகச் சாம்பியன் போட்டியில் பல்கேரியாவின் டோபலோவை ஆனந்த் ஜெயித்தாரே, அதை அப்பா சொல்லிக் கேட்க வேண்டும். வேனில் பக்கத்து சீட்டில் இவர் உட்கார்ந்து போனது போலச் சொல்வார்.

2013-இல் நார்வேயின் கார்ல்சனோடு உலகச் சாம்பியன் போட்டி நம்ம ஊர் ஹயாத் ஹோட்டலில் நடந்தபோது, ஒன்பதாவது ஆட்டத்துக்கு அவரைக் கூட்டிப்போனேன். இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் பேனா. ஆட்டக்காரர்கள் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள்ளே ஆனந்த், கார்ல்சனின் ராஜாவை நோக்கித் தாக்கிக்கொண்டு போகிறார், அப்பா சீட்டு நுனியில். அப்புறம் நடந்தது தெரிந்ததே. கார்ல்சனின் சிப்பாய் ராணியாகி செக் வைத்தது. குறுக்கே மந்திரியை வைக்க வேண்டிய இடத்தில் குதிரையை வைத்தார். அடுத்த நகர்த்தலோடு எல்லாம் முடிந்தது.

வெளியே வந்து அண்ணா சாலையில் ஆட்டோ பிடித்தோம். ஏறி உட்கார்ந்ததுமே டிரைவர் கேட்டார், "ஏன் சார், மந்திரியை வச்சிருக்கலாம்ல?" டீக்கடை டிவியில் தூர்தர்ஷன் நேரலையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கொரட்டூர் வரைக்கும் இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள். மந்திரி வந்திருந்தால் ஆட்டம் டிராவா, கார்ல்சன் ஏன் முகத்தில் ஒன்றுமே காட்டவில்லை, ஆனந்துக்கு வயசாகிவிட்டதா. "வயசுலாம் இல்லை தம்பி, அசதி" என்று அப்பா. நான் பின்சீட்டில் கேட்டுக்கொண்டே வந்தேன். இறங்கும்போது பேசின வாடகைக்கு மேல் அப்பா கொடுத்ததை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டு பேரிடமும் ரேட்டிங் இல்லை. உங்கள் கூட்டத்தில் இரண்டு பேரையும் உட்கார வைத்திருப்பீர்கள்.

அப்பா இப்போது இல்லை. இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை நான் அவரைத்தான் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். பெயர் கொடுத்திருப்பார், மைக் பிடித்திருப்பார், எரிமலைக் கதையை ஆரம்பித்திருப்பார். அதனால்தான் என்னால் சிரிக்க முடியவில்லை. போதுமா?

"குகேஷ், பிரக்ஞானந்தா காலத்தில் இந்தப் பழங்கதை எதற்கு" என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்காகவே இதை வைத்திருக்கிறேன். அதே 2013-இல், அதே ஹாலில், அப்போதுதான் செஸ் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருந்த ஏழு வயதுப் பையன் ஒருவன் பார்வையாளர் வரிசையிலிருந்து அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தான். ஒருநாள் அதற்குள்ளே இருக்க வேண்டும் என்று அன்று நினைத்ததாக, 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று உலகச் சாம்பியனானதும் குகேஷே சொன்னார். அவருடைய நினைவும் ஒரு ரசிகனின் நினைவுதான். அன்று அவரிடம் ரேட்டிங் கேட்டிருப்பீர்களா?

இந்த ஊருக்கு என்னவோ ஆகிவிட்டது. போன மாதம் என் அண்ணன் பெண்ணை ஒரு போட்டிக்குக் கூட்டிப்போனேன். ஆட்டம் முடிந்து ஒரு குட்டிப் பையன் ஓடி வருகிறான், "அம்மா, அவன் என் ராணியைப் பார்க்கவே இல்லைம்மா, நான் என்ன பண்ணேன்னா..." என்று மூச்சு வாங்குகிறான். அம்மா போனைப் பார்த்தபடியே "எத்தனை பாயிண்ட் ஏறும்?" என்கிறார். பையன் நிறுத்திவிட்டான். என்ன பண்ணினான் என்று எனக்கு இன்னும் தெரியாது. அவன் இன்னும் பத்து வருடத்தில் ஏதாவது ஒரு கூட்டத்தில் மைக் பிடித்தால் யாரிடமாவது ரேட்டிங்தான் கேட்பான். வேறு என்ன கேட்பான்?

நான் ஆனந்த் பக்தை, உணர்ச்சிவசப்படுகிறேன், எனக்கே செஸ் ஆடத் தெரியாது என்றெல்லாம் எழுதப் போகிறவர்களுக்கு: காய் நகர்த்தத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. ரேட்டிங் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

கூட்டத்தின் முழு வீடியோவை எடிட் செய்து அடுத்த வாரம் போடப் போவதாக அமைப்பாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். பெரியவர் பேசிய பகுதியை அதில் வெட்டாதீர்கள். அந்த ரெண்டு நிமிடமும் என் போனில் இருக்கிறது, வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவர் யார் என்று சொல்ல வாயெடுத்தது வரைக்கும். நீங்கள் போடவில்லை என்றால் நான் போடுவேன். கீழே ரேட்டிங் கேட்டு கமெண்ட் வந்தால் பிளாக்.