எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையாம்

"எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை." இந்த மூன்று சொற்களை நம்பி நாங்கள் ஐந்து வாரங்களைத் தொலைத்தோம்.

சித்திக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. நடு முதுகில் வலி என்றார். வயதாகிவிட்டது, எலும்புத் தேய்மானம் என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். பகலில் எப்படியோ சமாளித்துவிடுவார். இரவில் படுத்தால்தான் தாங்காது. முதுகுக்குத் தலையணையை அண்டக்கொடுத்து நாற்காலியிலேயே தூங்கினார். ஒருநாள் வாசலிலிருந்து நடந்து வந்தவரின் வலது கால் செருப்பு நான்கடி பின்னால் கிடந்தது. கழன்றதே அவருக்குத் தெரியவில்லை.

அன்றைக்குத்தான் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். புற்றுநோய் முள்ளெலும்பில் பரவித் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை. அதற்கு அவ்வளவுதான் தெரியும். முள்ளெலும்பின் தாதுச்சத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை கரைந்த பிறகே எக்ஸ்ரேயில் மாற்றம் தெளிவாகத் தெரியும். புற்றணுக்களோ முதலில் எலும்பின் உள்ளே மஜ்ஜையில்தான் குடியேறுகின்றன. அந்த மஜ்ஜை மாறுவதை எம்.ஆர்.ஐ. வெகு முன்னதாகவே காட்டிவிடும். எலும்பு ஸ்கேன் உடல் முழுவதையும் ஒரே மூச்சில் பார்த்துவிடும் என்றாலும், மஜ்ஜையில் தோன்றும் மைலோமா என்ற புற்றுநோயைப் போல எலும்பை அரிக்க மட்டுமே செய்யும் நோய்களில் அது கோட்டைவிடுவதுண்டு.

மார்பகம், நுரையீரல், புராஸ்டேட், சிறுநீரகம், தைராய்டு ஆகிய இடங்களில் புற்றுநோய் வந்தவர்களுக்குப் புதிதாக முதுகு வலி வந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அதைச் சந்தேகிக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. படுத்தால் கூடுகிற வலி, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி என்றால் கேட்கவே வேண்டாம். பயமுறுத்துகிறாயா என்று சிலர் கேட்பார்கள். ஆமாம், கொஞ்சம் பயமுறுத்தத்தான் செய்கிறேன். பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் 'நைஸ்' அமைப்பின் வழிகாட்டுதல், முதுகெலும்பில் பரவல் சந்தேகத்துக்கு ஒரு வாரமும், தண்டுவட அழுத்தச் சந்தேகத்துக்கு 24 மணி நேரமும்தான் எம்.ஆர்.ஐ.க்குக் கெடு வைக்கிறது. அதுவும் வலிக்கிற இடத்தை மட்டும் அல்ல, முதுகெலும்பு முழுவதையும் எடுக்கச் சொல்கிறது. சித்திக்கு வலியே இல்லாத இடுப்புப் பகுதியிலும் ஒரு பரவல் இருந்தது.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. சிகிச்சை தொடங்கும்போது நடந்துகொண்டிருப்பவர் பிறகும் நடக்க வாய்ப்பு அதிகம். கால்கள் முழுதாகச் செயலிழந்த பிறகு வந்தால் மீள்வது அரிது. சித்தி மயிரிழையில் தப்பினார். ஸ்டீராய்டு, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து இப்போது கைத்தடியோடு நடக்கிறார்.

ஸ்கேன் படங்களைக் கணினியே படித்துச் சொல்லிவிடும் காலம் வருகிறது என்கிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் எடுக்காத ஸ்கேனை எந்தக் கணினி படிக்கும்? அந்த முதல் எக்ஸ்ரேக்கான சீட்டைப் பின்னால் எடுத்துப் பார்த்தேன். 'முதுகு வலி' என்று மட்டும் எழுதியிருந்தது. ஆறு ஆண்டுக்கு முந்தைய புற்றுநோயைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை. எழுதியவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. கூடப் போன நானும் வாய் திறக்கவில்லை.

இப்போதெல்லாம் எந்தப் பரிசோதனைச் சீட்டானாலும் சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் அவரே படிக்கிறார். பழைய புற்றுநோய் விவரம் அதில் இல்லையென்றால், எழுதித் தரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை.