டெவின் ஹெஸ்டர் முதல் சீசன்: அந்த ஃபார்வர்டுல பாதி தப்பு

அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரர் டெவின் ஹெஸ்டர் பத்தி, "ஹெஸ்டர் 2006ல ரிசீவரா வந்து பால் கேட்ச் பண்ணியே டச்டவுனா குவிச்சாரு, சிகாகோ பேர்ஸுக்கு சூப்பர் பௌலும் ஜெயிச்சு குடுத்தாரு"ன்னு ஒரு போஸ்ட் சுத்திட்டு இருக்கு (ரிசீவர்னா வீசுற பந்த புடிக்கிற ஆளு, டச்டவுன்னா எதிராளி எல்லைக்கு பந்த கொண்டு போய் எடுக்குற ஸ்கோர், சூப்பர் பௌல்னா சீசனோட ஃபைனல்), பாக்க நல்லாத்தான் இருக்கு ஆனா சரியில்ல.

மொத வருஷம் அவர் ரிசீவரே கெடையாதுங்க. ட்ராஃப்ட்ல, அதாவது டீமுங்க புது ஆளுங்கள வரிசையா எடுக்குறதுல, ரெண்டாவது ரவுண்டு, 57வது ஆளா எடுத்தாங்க, டீம் லிஸ்ட்ல கார்னர்பேக், அதாவது எதிர் டீம் ரிசீவர தடுக்கிற ஆளு. ரிசீவரா மாத்துனது 2007லதான்.

அப்போ அந்த டச்டவுன்லாம்? ரெகுலர் சீசன்ல 6, எல்லாமே எதிராளி உதைச்ச பந்த புடிச்சு திருப்பி ஓடுனது. மூணு பன்ட்ல (எதிராளி முன்னேற முடியாம உதைச்சு விடுற பந்து), ரெண்டு கிக்ஆஃப்ல (ஆட்டத்த தொடங்க உதைக்கிறது, அந்த ரெண்டும் டிசம்பர்ல செயின்ட் லூயிஸ் ராம்ஸ் கூட ஒரே மேட்ச்ல!), இன்னொன்னுதான் செம, நியூயார்க் ஜயன்ட்ஸ் அடிச்ச ஃபீல்டு கோல் (கோல் கம்பங்களுக்கு நடுவுல பாயிண்டுக்காக உதைக்கிறது) தூரம் பத்தாம கீழ விழ, எண்ட் ஸோன் உள்ள, அதாவது மைதானத்தோட கடைசி பகுதியில, நின்னு புடிச்சவரு ஏதோ வாக்கிங் போற மாதிரி ரெண்டு அடி வச்சுட்டு திடீர்னு கிளம்பி 108 யார்டு ஓடிட்டாரு, ஜயன்ட்ஸ் ஆளுங்க முழிச்சுட்டு நின்னாங்க.

சூப்பர் பௌல்ல மொத கிக்ஆஃபையே 92 யார்டு ஓடி டச்டவுன் போட்டது உண்மை, 14 செகண்ட்தான். ஆனா மேட்ச் ஜெயிச்சது இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ், 29-17. அந்த மொத ஓட்டத்துக்கப்புறம் கோல்ட்ஸ் ஹெஸ்டர் பக்கம் ஒழுங்கா பந்து போகாம பாத்துக்கிட்டாங்க, புத்திசாலிங்க.