"இதுல என்ன கண்ணு இருக்கு?"

யார் வீட்டிலாவது பெரியவர் ஒருவர் "இதுல என்ன கண்ணு இருக்கு, ரொம்ப சுலபம்" என்று ஆரம்பித்தால், போனை வைத்துவிட்டு ஓடிவிடுங்கள். ஓட முடியாமல் மாட்டிக்கொண்டவள் சொல்கிறேன்.

எங்கள் சேலம் பக்கத்து வழக்கப்படி ஆடி 1-க்குத் தேங்காய் சுடுவது எப்படி என்று கேட்டேன். அவ்வளவுதான் நான் செய்த பாவம். அதைவிட எளிமையான பலகாரம் உலகத்திலேயே கிடையாதாம். எண்ணெய் வேண்டாம், தாளிப்பு வேண்டாம், பாத்திரம்கூட வேண்டாம். நாரெல்லாம் போகத் தேங்காயைத் தரையில் தேய்த்து, மஞ்சள் பூசி, மூன்று கண்ணில் ஒரு கண்ணைக் குத்தித் தண்ணீரை வடித்து, உள்ளே பாசிப்பருப்பு, வெல்லம், அவல் எல்லாம் திணித்து, அந்தத் தண்ணீரையே திரும்ப ஊற்றி, குச்சியைச் செருகி நெருப்பில் காட்டினால் முடிந்தது. பாரதப் போர் ஆடி 1-இல் தொடங்கி 18-இல் முடிந்ததாம், தர்மம் ஜெயிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு சுடுகிறோமாம். அங்கே 18 நாளில் முடித்துவிட்டார்கள், புண்ணியவான்கள். எங்கள் குடும்பத்தில் வருஷா வருஷம் புதுசாகத் தொடங்குகிறது.

இதில் அத்தைதான் எங்கள் வீட்டுக்கு அத்தாரிட்டி. அவருக்கு அவர் பாட்டி சொல்லிக்கொடுத்த பக்குவம். போன் போட்டேன்.

"அத்தை, பாசிப்பருப்பு எவ்வளவு போடணும்?"

"போடுற அளவு போடு கண்ணு."

"அதான் எவ்வளவுங்க அத்தை?"

"தேங்காய்க்குத் தக்கன."

"வெல்லம்?"

"பருப்புக்குத் தக்கன."

"அவல்?"

"அது வெல்லத்தைப் பார்த்துட்டுப் போட்டுக்க."

சரி, வெல்லம் பருப்பைப் பார்க்கிறது, அவல் வெல்லத்தைப் பார்க்கிறது, நான் யாரைப் பார்ப்பது? எவ்வளவு நேரம் சுடணும் என்றேன். வெந்தால் தெரியும் என்றார். எப்படித் தெரியும் என்றேன். வாசம் வரும் என்றார். என்ன வாசம் என்றேன். "சுட்ட தேங்காய் வாசம்தான், வேற என்ன வாசம் வரும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

இதைச் சொல்வது யார் தெரியுமா? சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வீட்டு மகராசி. கூலிக்குக் கொடுத்த வெள்ளி திரும்பி வரும்போது அரை கிராம் குறைந்தால், பட்டறையைக் கூட்டி அள்ளிய குப்பையைக்கூடச் சலிக்க வைப்பவர். சேதாரக் கணக்கில் அவரை ஏமாற்ற சேலத்தில் இன்னும் ஆள் பிறக்கவில்லை. அந்தத் தராசில் ஒரே ஒரு நாள் பாசிப்பருப்பை வைத்திருந்தால் எங்கள் வம்சமே பிழைத்திருக்கும்.

அத்தையை விட்டுவிட்டு மற்றவர்களைக் கேட்டது அடுத்த கூத்து. அம்மா பொட்டுக்கடலை இல்லாமல் தேங்காயா என்றார். சித்தி எள்ளு போட மறந்துடாதே என்றார். நாமக்கல்லில் பிறந்த என் தம்பி மனைவி "நீங்க பாசிப்பருப்பை வறுக்கவே மாட்டீங்களா அண்ணி?" என்று கேட்ட தொனியில், பரம்பரையாகவே நாங்கள் பச்சையாகத் தின்கிற கூட்டம் என்று முடிவு கட்டிவிட்டது தெரிந்தது. ஒவ்வொருவரும் சொல்வது "எங்க பாட்டி காலத்துல இருந்து" வந்ததுதான். இதில் அம்மாவுக்கும் சித்திக்கும் ஒரே பாட்டி! அந்த ஒரு பாட்டி எப்படி இரண்டு விதமாகச் சுட்டார்?

நடுவில் என் வீட்டுக்காரர். தூத்துக்குடிக்காரர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஆடிக்கும் "நல்ல தேங்காயை எதுக்கு நெருப்புல போடணும்?" என்று கேட்கிறார். கேட்டுவிட்டு முதல் ஆளாக வந்து தின்கிறார். அவரை அப்புறம் கவனித்துக்கொள்கிறேன்.

குச்சி வாங்கச் சின்னக்கடை வீதிக்குப் போய்க் கூட்டத்தில் நசுங்கி, அழிஞ்சில் குச்சியைப் பேரம் பேசி வாங்கி வந்தேன். நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. நெருப்பு மூட்டத் தெருவுக்குத்தான் இறங்க வேண்டும். தெரு முழுக்கப் பிள்ளைகள் ஆளுக்கொரு குச்சியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், காய்ந்த ஓலை, பழைய அட்டைப்பெட்டி, எல்லாம் எரிகிறது. புகை எந்தப் பக்கம் அடிக்கும் என்று கேட்கவே வேண்டாம். நான் எங்கே உட்கார்ந்தேனோ அந்தப் பக்கம்தான்.

தக்கன, தக்கன என்று வழிய வழியத் திணித்து, குச்சியை இறுக்கிச் செருகிக் கொண்டுபோன தேங்காய். மஞ்சள் கருகியது. ஓடு கறுத்தது. ஓரத்தில் சிர்ர்ரென்று நுரை வந்தது. ஆகா, இதுதான் அந்த வாசம் போலிருக்கிறது என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். டப்! ஓடு பிளந்து, பாதி வெந்த பருப்பும் வெல்லத் தண்ணியும் நெருப்பில் கொட்டிப் புஸ்ஸென்று அணைந்தது. என் நைட்டியில் எள்ளு. பக்கத்து வீட்டுப் பையனின் தலையில் அவல். அவன் அதை எடுத்துத் தின்றுவிட்டு "வேகலைக்கா" என்றான்.

அத்தைக்கு மறுபடி போன்.

"வெடிச்சிருச்சா? முழுசா அடைச்சியா என்ன?"

"ஆமாங்க அத்தை."

"முக்காலுக்கு மேல அடைச்சா வெடிக்கத்தானே செய்யும்! பருப்பும் அவலும் ஊறி உப்பாதா? இதுகூடவா தெரியாது?"

தெரியாது அத்தை! தெரியாததால்தானே கேட்டேன்! போருக்குக் காரணம் சொல்ல நேரம் இருந்தது, உங்கள் பாட்டி எந்தத் தோட்டத்தில் குச்சி ஒடித்தார் என்று சொல்ல நேரம் இருந்தது, "முக்கால்" என்கிற ஒரு வார்த்தைக்கு மட்டும் வாய்க்குள் பூட்டா? அளவு கிடையாது கிடையாது என்று சாதித்தவரிடம் அளவு இருந்திருக்கிறது! வெடித்த பிறகுதான் வெளியே வருகிறது! இது மறதி என்றால் நான் நம்ப மாட்டேன். எல்லார் வீட்டிலும் எல்லாக் கிழவிகளுக்கும் சரியாக அந்த ஒரே இடத்தில் மறதி வருமா? அதிரசப் பாகிலும் இதேதான், கொள்ளு கடைசலிலும் இதேதான். எல்லாவற்றையும் சொல்லுவார்கள், அந்த ஒன்றைத் தவிர.

சாயங்காலம் அத்தையே நேரில் வந்துவிட்டார். அடுத்த தேங்காயை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போட்டு, குச்சியைச் செருகி, ஊர்க்கதை பேசிக்கொண்டே திருப்பித் திருப்பிச் சுட்டார். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்தால், ஓட்டிலிருந்து தேங்காய்ப் பருப்பு தனியாகச் சுருண்டு விட்டுக்கொண்டு, உள்ளே பாயசம் மாதிரி குழைந்து... சே, அதை விவரித்து அவருக்குப் பெருமை சேர்க்க மாட்டேன். ஒரு வாய் போட்டுவிட்டு அவர் சொன்னது: "என்ன இருந்தாலும் எங்க பாட்டி கைப்பக்குவம் வராது."

சிரிப்புதான் வந்தது. வேறென்ன வரும். அத்தைக்கே அவர் பாட்டி முழுசாகச் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

கிளம்பும்போது மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோக என் எவர்சில்வர் தூக்கை எடுத்துக்கொண்டார். போன தீபாவளிக்குக் கொண்டுபோன தூக்கே இன்னும் வரவில்லை. பொங்கலுக்குக் கொண்டுபோன சம்புடமும் வரவில்லை. இரும்பாலை இருக்கிற ஊரில் உங்களுக்கு என் வீட்டுப் பாத்திரம்தான் கிடைத்ததா அத்தை?