ஹொயிஸ்ற்றில ஏத்த விடமாட்டியள், அப்ப ஏன் விக்கிறியள்?

ஒன்ராறியோவில பாவிச்ச ஹைபிரிட் கார் பார்க்கப் போனா, விக்கிறவர் வாய் திறந்தவுடன பற்றரியைப் பற்றித்தான் கதைக்கிறார். "பற்றரி நல்ல மாதிரி, ஒருக்கா எண்ணெய் அடிச்சா ரெண்டு கிழமைக்கு ஓடலாம், ஒரே கை ஓடின கார்." தரையில படுத்து ரோச் அடிச்சுப் பார்க்கப் போறன் எண்டவுடன முகம் மாறுது. "பக்கத்துக் கராஜில காரைத் தூக்கிற ஹொயிஸ்ற்றில ஏத்தி அடியைப் பார்ப்பம், கூலியை நான் குடுக்கிறன்" எண்டு கேட்டா, "அதுக்கெல்லாம் நேரமில்லை, வேற ஆக்கள் காசோட நிக்கினம்" எண்டு பதில் வருது. கேட்டுக் கேட்டு வயிறு எரியுது. பதினையாயிரம் டொலர் குடுத்து வாங்கிற பொருளின்ர அடிப்பக்கத்தைப் பார்க்கக் கேக்கிறது குற்றமோ?

இந்த ஊரில காரைத் தின்னுறது உப்பு. ஓடின கிலோமீற்றர் எல்லாம் அதுக்குப் பிறகுதான். கனடா முழுக்க வருசத்துக்கு ஏறத்தாழ 50 இலட்சம் தொன் உப்பை வீதிகளில கொட்டுறாங்கள். பனி விழ முன்னமே உப்புத் தண்ணியைக் கோடு கோடாய் றோட்டில தெளிச்சும் விடுறாங்கள். சில்லு சுத்தேக்க அது தூவானமாய் எழும்பி, தகரம் மடிஞ்ச இடம், பொருத்து, துவாரம் எல்லாத்துக்குள்ளையும் போய் இருந்துவிடும். கடுங்குளிரில அது பெரிசா வேலை செய்யாது. பங்குனி, சித்திரையில வெயில் பட்டு ஈரம் ஊறேக்கதான் கறள் கெதியாய் ஓடும். உப்போட கொண்டுவந்து சூடாக்கின கராஜுக்குள்ள விட்ட கார், வெளியில உறைஞ்சு நிண்ட காரை விட மோசமாய் உக்கிறதும் இதாலதான். "எங்கட கார் எப்பவும் கராஜுக்குள்ளதான் நிண்டது" எண்டு ஒருத்தர் பெருமையாய்ச் சொன்னா, மாரியில அடியைக் கழுவினவரோ எண்டு திருப்பிக் கேளுங்கோ.

ஹைபிரிட் எண்டா இது இன்னும் பாரதூரம். சாதாரணக் காரில பிறேக்கை மிதிக்கிற ஒவ்வொருக்காவும் பிறேக் பாட், சில்லோட சுத்திற றோட்டர் தட்டில தேய்ஞ்சு கறளைத் துடைச்சுவிடும். ஹைபிரிட்டில வேகத்தைக் குறைக்கிற வேலையில பெரும்பகுதியை மின் மோட்டரே செய்து, அந்தச் சக்தியைப் பற்றரிக்கு அனுப்புது. பிறேக் பாட் கனகாலம் நிக்கும் எண்டு விக்கிறவை சொல்லுறது உண்மைதான். ஆனா பாவிக்காத பிறேக் உப்புக்குள்ள சும்மா கிடக்குது. பாட்டை அமத்திப் பிடிக்கிற கலிப்பர் ஓடுற ஊசி இறுகும், பாட் ஒரு பக்கமாய் ஒட்டிப் பிடிக்கும், பின் சில்லு றோட்டரின்ர உள்பக்கம் அரிச்சுப் பள்ளம் விழுந்திருக்கும். சில்லு இடைவெளியால எட்டிப் பார்க்கிற ஆளுக்கு வெளிப்பக்கம் மினுங்கிறதுதான் தெரியும்.

அதுக்கும் மேல அந்தச் செம்மஞ்சள் வயர். ஹைபிரிட்டில செம்மஞ்சள் உறை போட்டதெல்லாம் உயர் அழுத்த மின்சாரம் போற வயர். ரொயோட்டாவின்ர பழைய பிறியஸில பற்றரியே 201.6 வோல்ற். பற்றரி பின்னுக்கு, இன்ஜின் முன்னுக்கு, அதால வயர் காரின்ர அடியால ஓடுது. 2019 இல புது வடிவத்தில வந்த ரொயோட்டா ராவ்4 ஹைபிரிட்டில, பின் மோட்டருக்குப் போற வயரின்ர பொருத்து உப்புத் தண்ணி பட்டு அரிச்ச கதை இந்த நாட்டில கார் வாங்கிற எல்லாருக்கும் தெரிஞ்சிருக்க வேணும். ஒருநாள் காலமை எச்சரிக்கை லைற் எரியும், கராஜில முழு வயரையும் மாத்த வேணும் எண்டுவினம், ஆயிரக்கணக்கான டொலர் போகும். முறைப்பாடு குவிஞ்ச பிறகுதான் ரொயோட்டாக்காரர் அந்த வயருக்கு உத்தரவாதக் காலத்தை நீட்டினவை. அந்த வருசங்களில வந்த ராவ்4 பார்க்கப் போனா, சேசிஸ் நம்பரைக் குடுத்து, வயர் மாத்தினதோ, உத்தரவாதம் இன்னும் மிச்சம் கிடக்கோ எண்டு டீலரிட்டக் கேட்காமல் ஒரு டொலரும் நீட்டாதையுங்கோ. விக்கிறவர் தானாய்ச் சொல்லுவார் எண்டு நம்பி இருக்க ஏலாது. இதுவரைக்கும் ஒருத்தரும் தானாய் எனக்குச் சொன்னதில்லை.

போன மாரி முடியிற நேரம் மருமகனுக்கு எண்டு ஸ்காபரோவில ஒரு பிறியஸ் பார்த்தம். மேல பெயின்ற் மினுமினுப்பு, உள்ளுக்கை நல்ல வாசம். விக்கிறவர் கன நேரம் மறுத்துப் போட்டு அரைமனசோடதான் ஹொயிஸ்ற்றுக்கு ஓமெண்டவர். ஏத்தினா, அடி முழுக்கக் கன்னங்கரேல் எண்டு புதுப்பூச்சு. எக்ஸோஸ்ற் குழாயில, ரப்பர் புஷ்ஷில, நட்டுத் தலையில கூட அடிச்சிருக்கு. மெக்கானிக் அண்ணை ஒண்டும் கதைக்கேல்லை. ஸ்குறூ ட்ரைவரின்ர பிடியால, கதவுக்குக் கீழ நீளமாய் ஓடுற றொக்கர் பனலைத் தட்டிக்கொண்டு போனார். டங், டங் எண்டு வந்த சத்தம் பின் சில்லுக்குக் கிட்டப் போகேக்க தொப் எண்டு செத்துப் போச்சு. ட்ரைவரைத் திருப்பிப் பிடிச்சு முனையால ஒரு அமத்து அமத்தினார். கறுப்புத் தோல் கிழிஞ்சு, மண்ணிறப் பொருக்கு பொலபொலவெண்டு அவற்ற மூக்குக்கண்ணாடியில கொட்டிச்சுது. முனை அப்பிடியே உள்ளுக்குப் போட்டுது. அது ஜாக் வைக்கிற இடம். விக்க வந்தவர் போனைப் பார்த்துக்கொண்டே, "ஒன்ராறியோக் கார் எண்டா கொஞ்சம் கறள் இருக்கும்தானே அண்ணை" எண்டார்.

கொஞ்சமோ? பக்கவாட்டில ஒருத்தன் வந்து இடிச்சா உள்ளுக்கு இருக்கிற பிள்ளையைத் தாங்க வேண்டிய இரும்பு அது! அந்தப் பூச்சைப் பூசின ஆள் அடியில போய்ப் படுத்துத்தான் பூசியிருக்கிறார். ஓட்டையைக் கண்ணால கண்டிருக்கிறார், தொட்டிருக்கிறார், பிறகுதான் டப்பாவைத் திறந்திருக்கிறார். இதைப் பச்சைப் பேய்க்காட்டு எண்டுதான் நான் சொல்லுவன். அதுவும் கறளுக்கு மேல இப்பிடித் தடிப்பாய்ப் பூசினா ஈரம் உள்ளுக்கு அடைபட்டு இன்னும் கெதியாய் அரிக்கும். மறைக்கப் பூசினதே மிச்சத்தையும் தின்னும்.

இதுக்காக அடியில என்ன பூசியிருந்தாலும் சந்தேகப்பட வேண்டாம். வருசா வருசம் கறள் பிடியாமல் இருக்க அடியில எண்ணெய் அடிப்பிச்ச கார் பார்க்க அழுக்காய் இருக்கும். கதவின்ர கீழ் விளிம்பால எண்ணெய் வடிஞ்ச தடம் தெரியும், தொட்டா கை பிசுபிசுக்கும், தூசி அப்பியிருக்கும். கேட்டா பில்லும் எடுத்துக் காட்டுவினம். அந்த அழுக்கைக் கண்டா எனக்குச் சந்தோசம். விக்கப் போற கிழமை கறுப்பாய், காய்ஞ்சு, ஒரே சீராய்ப் பூசினதைக் கண்டாத்தான் கோவம் வருது.

"சேஃப்டி போட்டுத் தாறன், பேந்தென்ன பயம்?" எண்டு அடுத்த கதை. சேஃப்டி சேர்ட்டிபிக்கற் 36 நாளைக்குத்தான் செல்லும். பார்த்த அண்டைக்குக் கார் ஆகக் குறைஞ்ச பாதுகாப்புத் தரத்தில நிண்டுது எண்டு மட்டும்தான் அது சொல்லுது. அது உத்தரவாதம் இல்லை எண்டு மாகாண அரசாங்கமே எழுதி வைச்சிருக்கு. அடுத்த மாரியில பிறேக் குழாய் கறளில வெடிச்சா அந்தத் தாள் வந்து நிப்பாட்டாது. விபத்து வரலாற்று அறிக்கையைக் காட்டி "கிளீன்" எண்டினம். அதில விபத்து இருக்கும், கடன் இருக்கும், கறள் இருக்காது. தனி ஆளிட்ட வாங்கேக்க விக்கிறவர் சட்டப்படி தரவேண்டிய 20 டொலர் தகவல் பொதியிலையும் கறளைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆனா அதில இருக்கிற சொந்தக்காரர் பேர்களை வடிவாய் வாசியுங்கோ. "மனுசியின்ர கார்" எண்டு சொல்லி விக்கிறவரின்ர வீட்டில ஒருத்தற்ற பேரும் அதில இல்லையெண்டால், அவர் பெரும்பாலும் கார் விக்கிற லைசன்ஸ் இல்லாமல் வீட்டு வாசலில வியாபாரம் நடத்திற ஆள். பிறகு போய்ப் பிடிக்க ஏலாது. வாங்கிப் போட்டு மனம் மாறினாத் திருப்பிக் குடுக்கலாம் எண்டு கனபேர் நினைச்சுக்கொண்டிருக்கினம். ஒன்ராறியோவில பாவிச்ச காருக்கு அப்பிடி ஒரு அவகாசமே இல்லை.

இதை விட எனக்கு ஆத்திரம் வாறது எங்கட ஆக்களே குடுக்கிற அவசரம். "ரொயோட்டாதானே, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்." "எங்கட ஊர்ப் பெடியன்தானே, அவன் பொய் சொல்லுவானே?" இன்ஜின் மூண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடும், நான் மறுக்கேல்லை. அந்த இன்ஜினைத் தாங்குற சப்ஃபிரேம் உக்கினாப் பிறகு இன்ஜின் நல்லாய் இருந்து என்ன பிரயோசனம்? ஊர்ப் பாசத்தைக் காட்டி அடியை மறைக்கிறவன் ஊர்ப்பெடியனாய் இருந்தா எனக்குக் கோவம் ரெட்டிப்பாய் வருது.

இந்தக் காரை வாங்கிறது ஆர் எண்டு பாருங்கோ. வந்து ஒரு வருசமாகாத பிள்ளையள், இரவு வேலைக்குப் போறவை, ஊபரும் சாப்பாட்டு டெலிவரியும் ஓடுறவை. எண்ணெய்ச் செலவு குறைய வேணும் எண்டுதான் ஹைபிரிட் தேடுகினம். சீட்டுக் கட்டி எடுத்த காசு, கைமாத்து வாங்கின காசு. அதைக் குடுத்து உக்கின தகரத்தை வாங்கிப் போட்டு, முதல் மாரியிலேயே கராஜ் வாசலில நிக்குதுகள். அந்தக் காசை வாங்கிப் பொக்கற்றில வைச்சவருக்கு இரவில எப்பிடி நித்திரை வருது?

வாங்கப் போறவை ஒரு ரோச், ஒரு காந்தம், ஒரு ஸ்குறூ ட்ரைவர் கொண்டு போங்கோ. சில்லு வளைவின்ர உள்விளிம்பைக் கையால தடவுங்கோ, காந்தம் ஒட்டாத இடம் புட்டி அடிச்ச இடம். கதவுகளின்ர அடி மடிப்பைப் பாருங்கோ. பின் ட்ரங்கில பாயைத் தூக்கி, 12 வோல்ற் பற்றரி இருக்கிற குழியில ஈரமோ, வெள்ளைப் பூப்போ எண்டு பாருங்கோ. பழைய பிறியஸுகளில அதுக்குள்ள மழைத்தண்ணி இறங்கிறது தெரிஞ்ச கதை. சீட் பூட்டின போல்ற்றுகள் கறள் எண்டா அந்தக் காருக்குள்ள எப்பவோ தண்ணி நிண்டிருக்கு. ஆனா இதெல்லாம் ஹொயிஸ்ற்றுக்கு ஈடில்லை. பின் அச்சு, பிறேக் குழாய், செம்மஞ்சள் வயரின்ர பொருத்து எல்லாம் மேல தூக்கினாத்தான் தெரியும். நீங்கள் தெரிஞ்செடுத்த மெக்கானிக், நீங்கள் குடுக்கிற கூலி. விக்கிறவற்ற சிநேகிதன்ர கராஜ் வேண்டாம்.

விக்கிறவையிட்ட நான் கேக்கிறது இவ்வளவுதான். சீட்டையும் ஸ்ரியறிங்கையும் இருவது படம் எடுத்துப் போடுறியள். அதில ஒண்டைக் குறைச்சு, கழுவின அடிப்பக்கத்தின்ர படம் ஒண்டு போடுங்கோ, பூச்சில்லாமல். கறள் இருந்தா இருக்கு எண்டு சொல்லி விலையைக் குறையுங்கோ. வாங்கிற ஆக்கள் இருக்கினம், நானும் வாங்குவன். அடியைக் காட்ட மாட்டன் எண்டு நிக்கிற ஆளுக்கு இனி நான் ரெண்டாவது தரம் போன் எடுக்கப் போறதில்லை.