குடிக்காத குடிகாரர்

இந்தி நகைச்சுவை நடிகர் ஜானி வாக்கரைப் பற்றிய கட்டுரை பேருந்து நடத்துனர் வேலை, நடிகர் பல்ராஜ் சாஹ்னி கண்ணில் பட்டது, இயக்குநர் குரு தத் முன்னால் குடிகாரனாக நடித்துக் காட்டி 'பாஸி' (1951) பட வாய்ப்பைப் பிடித்தது என்று ஆரம்பக் காலத்தை நன்றாகவே சொல்கிறது. பத்ருதீன் காஜி என்ற இயற்பெயர் கொண்ட இவருக்கு விஸ்கி பெயரை வைத்தவரும் குரு தத்தான். மனிதர் நிஜத்தில் மதுவைத் தொடாதவர்!

ஆனால் குரு தத்தின் 'பியாசா' (1957) படத்தைக் கட்டுரை ஒரே வரியில் கடந்தது அநியாயம். எண்ணெய்ப் புட்டிகளோடு கல்கத்தாவில் தலைக்கு மாலிஷ் (மசாஜ்) செய்பவராக வந்து, பின்னணிப் பாடகர் முகமது ரஃபி குரலில் 'சர் ஜோ தேரா சக்ராயே' பாடுவாரே, அந்தக் கண்ணையும் புருவத்தையும் பாருங்கள். ரஃபியும் இவருக்கென்றே குரலைக் கொஞ்சம் மாற்றிப் பாடியது போல இருக்கும். படம் முழுக்க இருக்கும் பாரத்துக்கு நடுவே நமக்கு மூச்சுவிட இடம் கொடுப்பவர் அவர்தான்.

அப்புறம், 'சாச்சி 420' (1997) விட்டுப்போயிருக்கிறது. நம் 'அவ்வை சண்முகி'யின் இந்தி வடிவம். தமிழில் நாகேஷ் செய்த ஒப்பனைக்காரர் ஜோசப் வேடத்துக்கு, சினிமாவை விட்டு ஒதுங்கியிருந்தவரை அழைத்து வந்தார் கமல். அங்கேயும் குடிகார வேடம்தான்! நாகேஷுக்கு இந்தியில் வேறு யாரைப் போட்டிருக்க முடியும், சொல்லுங்கள்?